போணிக்கு முன்னால் வந்த கருட சேவை

கணினிப் பாதுகாப்பு பற்றி ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிறவன் நான். ஒரு கடையின் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, என் கையாலேயே வைரஸை வரவேற்று உள்ளே உட்காரவைத்தவனும் நானேதான். இதை வகுப்பில் சொல்வதில்லை. (சொன்னால் அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்?)

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து தினமும் பஸ். மாலையில் கம்ப்யூட்டர் படித்து ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதைக் காட்டிக் காட்டியே முதலாளி ஏகாம்பரத்தை நச்சரித்துக் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கவைத்தேன். சென்னையிலிருந்து மொத்தமாக எடுக்க வரும் நந்தினி மேடத்துக்குப் புது டிசைன்களை ஸ்லைடுகளாகத் திரையில் காட்டுவது என் திட்டம். ஆர்டர் கிடைத்தால் கம்ப்யூட்டர் நாற்காலி எனக்கு நிரந்தரம். சொதப்பினால் பெட்டியோடு என்னையும் அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொன்னார்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. கேட்ட நிறம் கைவசம் இல்லாவிட்டால் "வருதும்மா, அதுக்குள்ள இதைப் பாருங்க" என்போம். அதிலும் முதல் விற்பனை நடந்து போணி ஆவதற்கு முன்னால் 'இல்லை' என்றால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய்தவறிச் சொல்லி நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மேடம் வரும் நாள் காலை, கற்பூரம் காட்டி முடித்து, கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தெரிந்த ஏஜெண்ட் ஒருவரிடமிருந்து மெயில் வந்திருந்தது. கருட சேவைப் படங்கள், ஸ்லைடு ஸ்லைடாக. திறந்ததும் பெட்டி ஒரு கேள்வி கேட்டது: இந்த ஃபைலுக்குள் ஒரு புரோகிராம் இருக்கிறது, வைரஸாகவும் இருக்கலாம், ஓட விடலாமா? இதே கேள்விக்குப் பரீட்சையில் ஒரு பக்கம் பதில் எழுதியவன் நான். ஆனால் இன்னும் போணி ஆகவில்லை, வந்திருப்பதோ பெருமாள். கை தானாகச் 'சரி' என்றது. கறுப்புத் திரை வந்தது, பெருமாள் வரவில்லை. பெட்டி மந்தமாக இருக்கிறது என்று நினைத்து (அட மக்கு!) இன்னும் இரண்டு முறை திறந்தேன்.

மேடம் வந்தார். காபி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் முதல் ஸ்லைடைக் காட்டினேன். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. எட்டாவது வெள்ளை வரை தட்டிக்கொண்டே போனேன்.

"இது இன்னா டிசைன்பா, வேட்டியா?" என்றார் முதலாளி.

மேடம்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். காலையில் அவர் ஆபீசுக்கும் எங்கள் கடை பெயரில் கருட சேவை வந்ததாக வழியிலேயே அவருக்குப் போன் வந்ததாம். ஓட விடலாமா என்று அது கேட்டதுமே சந்தேகப்பட்டு அங்கே யாரும் சரி சொல்லவில்லையாம். என் ஸ்லைடுகளைத் துடைத்ததோடு நிற்காமல், எங்களிடம் மெயில் முகவரி இருந்த அத்தனை பேர் வீட்டுக்கும் அந்த வைரஸ் புறப்பட்டுப் போயிருந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உள்ள வரலாமான்னு அது உன்ன கேட்டுச்சா?"

"கேட்டுச்சு முதலாளி."

"நீ இன்னா சொன்ன?"

"போணி ஆகல... எப்படி இல்லைன்னு சொல்றதுன்னு, சரின்னுட்டேன்."

வேலை போயிற்று என்று முடிவு கட்டி, செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவரோ மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "தப்பு என்னுதும்மா. இல்லைன்னு சொல்லாதன்னு சொல்லிக்குடுத்தது நான்தான். இவன் அத்த அப்படியே புடிச்சிக்கினான்."

மேடம் சிரித்துவிட்டார். முதலாளி என்னைப் பாய் விரிக்கச் சொன்னார். எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே! திரையில் வரவேண்டிய புடவைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தேன். மேடம் தொட்டுப் பார்த்து, முந்தானையைத் திருப்பிப் பார்த்து, ஆர்டர் கொடுத்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் திரையின் மேல் முதலாளி கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'இந்தப் பெட்டிக்கு மட்டும் இல்லை என்று சொல்லலாம்.' நாற்காலி எனக்கே இருந்தது. அன்று அவர் பழியை என் தலையில் போட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். இன்று நான் சாப்பிடுகிற சோறு அவர் போட்டது, கும்பிட்டுச் சொல்கிறேன்.

வேலையை விட்டு வரும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது வீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அங்கே வைத்ததுதான் தப்பு. நான் 'இல்லை' என்று வாயெடுத்தால் போதும், என் மகள் கண்ணாடியைத் தட்டுகிறாள். "பெட்டிக்கு மட்டும்தான்பா!"

போன வாரம் ஸ்கூட்டர் கேட்டாள். வருதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.