நாலு டிரம் தண்ணீரில் நின்ற பந்தல்

நான் எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை, பிள்ளைகளே. சொதப்பினாலும் முழுசாகத்தான் சொதப்புவேன்.

என் மனைவியின் தம்பி முரளி பள்ளிப்பட்டில் தறி ஓட்டுகிறான். அவன் மகளுக்கு ஆடி மாதம் திருத்தணியில் முதல் மொட்டை. மதியச் சாப்பாடு மலையடிவாரத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில். முப்பது பேர். அவன் மாமனார் வீட்டார் முதல் தடவையாக வருகிறார்கள். ஏதாவது குறை வந்தால் காலத்துக்கும் அவனுக்குத்தான் பேச்சு.

"பந்தல்காரரைக் கூப்பிடட்டுமா பாவா?" என்று கேட்டான்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். (இந்தக் கேள்விக்கு என் மனைவி இன்னும் பதில் தேடிக்கினு இருக்கிறாள்.)

நண்பர் ஒருவரிடம் மடக்குப் பந்தல் இரவல் வாங்கினேன். நாலு இரும்புக் கால், மேலே நீலத் துணி. ஆடிக் காற்றுக்கு அது பறந்துவிடும், முளை அடித்துக் கட்டுங்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். முளை அடித்தால் மனைவியின் மல்லிச் செடி வேர் போய்விடுமே என்று யோசித்தேன். (நான் யோசித்தாலே ஆபத்து.) நாலு பெரிய பிளாஸ்டிக் டிரம்களைக் கால்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினேன்.

மறுநாள் காலையில் தென்னை மரமே தலைவிரித்து ஆடியது. பந்தல் அசையவில்லை. வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன்.

முரளியும் மகளும் சொந்தக்காரர்களுமாகப் பதினோரு பேர் அடிவாரத்துக் கோயில் குளக்கரையில் மொட்டை அடித்துக்கொண்டு, குளத்தில் கூட்டம் என்று குளிக்க எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். காற்றில் கரண்ட் போயிருந்தது. மோட்டார் ஓடவில்லை. குளிக்காமல் எப்படி மலை ஏறுவது? முரளி முகம் சுருங்கியது.

"எதுக்குக் கவலை? நாலு டிரம் இருக்கு. தாராளமா குளிங்க" என்றேன். அதோடு விட்டேனா? நானே செம்பை எடுத்து ஒவ்வொரு மொட்டைத் தலையிலும் ஊற்றினேன். புண்ணியமாம்.

அதற்குள் காற்றும் ஓய்ந்துவிட்டது. எல்லோரும் சாமி பார்த்துவிட்டு வந்து, மதியம் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். சாம்பார் பரிமாறும்போது ஒரே ஒரு காற்று வந்தது. பந்தல் எழுந்தது. பாய்ந்து ஒரு காலைப் பிடித்தேன். அது என்னை மல்லிச் செடிகளின் மேல் தள்ளிவிட்டு, காலி டிரம்கள் தடதடக்க, மதிலைத் தாண்டிப் பக்கத்துக் காலி மனையில் போய் இறங்கியது. இலைகளும் கூடவே போயின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

முரளி என்னைத் தூக்கி நிறுத்தினான். "டிரம்ல இருந்த தண்ணி எங்க பாவா?"

"நீங்கதான்டா குளிச்சீங்க."

அவன் மொட்டையைத் தடவிக்கொண்டான். "ஆங். நாங்க தலைய குனிஞ்சிகினு இருந்தோம். மொண்டு மொண்டு ஊத்துனது நீங்க."

முதலில் சிரித்தவர் அவனுடைய மாமனார்தான். அவர் சிரித்த பிறகுதான் முரளிக்கு மூச்சு வந்தது. முப்பது பேரும் கூடத்தில், சமையலறையில், கட்டில் மேல் என்று உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்குக் கடைசிப் பந்தி.

இப்போதெல்லாம் முழ நீள இரும்பு முளையை வெளிப்பக்கம் சாய்த்து அடித்து, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறேன். காற்று மிஞ்சினால் மேல்துணியை அவிழ்த்துவிடுகிறேன். நான் போட்ட பந்தல் ஒன்றுகூட அதற்குப் பிறகு அசைந்ததில்லை. தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

"குளிச்சிக்கலாங்களா? வீடு நிக்குமா?"