சாய ஊசி

விஞ்ஞான ஆசிரியர்களுக்கு நோய் வந்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பயப்படுவார்கள். உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் காரணம்.

நான் பசறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். (சிறுநீரகத்தைக் கரும்பலகையில் கஜு முந்திரிக்கொட்டை மாதிரி வரைவதில் என்னை அடிக்க ஆளில்லை.) கல்யாணமான முதல் வருடம், இடுப்பு வலிக்காக எடுத்த ஸ்கேனில் என் இடது சிறுநீரகத்தில் ஏதோ கட்டி தெரிகிறது என்றார்கள். பதுளையில் சீ.டீ. ஸ்கேன் எடுத்தால்தான் என்னவென்று சொல்ல முடியுமாம். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்கேன் எடுக்கும் நாளில் என் மனைவி வசந்தியின் அம்மாவும் கொழுந்தெடுக்கப் போகாமல் எங்களோடு வந்தார். நரம்பில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள் என்று அவருக்கு விளக்கினேன்.

"தேத்தண்ணிக்குத்தான் சாயம் பாப்பாங்க. மாப்பிள்ளைக்குமா?" என்றார் அத்தை.

பெரிய வளையம் ஒன்றுக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். படம் எடுக்கும் நஸீர், கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்து ஒலிபெருக்கியில் பேசினார். "சேர், மருந்து ஏறுறப்ப உடம்பு சூடாகும்." இன்னும் ஏதோ சொன்னார். நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

மருந்து ஏறியது. தொண்டையில் தொடங்கிய வெந்நீர் நெஞ்சைத் தாண்டி, அடிவயிற்றுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்குத் தைத்த காற்சட்டை.

"போயிருச்சுங்க," என்றேன்.

"என்ன சேர் போனது?"

"எல்லாம் போயிருச்சு. வசந்திகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

நஸீர் இருந்த அறையின் கதவு திறந்து கிடந்தது. வெளியே காத்திருந்த அத்தைக்கு "எல்லாம் போயிருச்சு" மட்டும் கேட்டிருக்கிறது. தரையில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

"ஒண்ணும் போகல சேர். எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். அதத்தானே முதல்ல சொன்னேன்," என்றார் நஸீர். தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. உடம்பெல்லாம் அரித்தது, உதடு தடித்தது, முகம் வீங்கியது. அந்தச் சாய மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டொக்டரும் தாதியும் ஓடிவந்து ஊசி போட்டார்கள். என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அத்தை என் முகத்தைப் பார்த்தார். அழுகை நின்றது.

"இது நம்மாளு இல்லடி," என்றார் மகளிடம்.

வீக்கம் வடிந்ததும் டொக்டர் எங்களை அழைத்துத் திரையைக் காட்டினார். அவர் விரலை அசைக்க அசைக்க, என் உடம்பு ஏடு ஏடாக விரிந்தது. ஈரல், முதுகெலும்பு, பிறகு அந்தச் சாயம் பட்டு வெள்ளையாக ஒளிரும் இரண்டு சிறுநீரகங்கள். மயிரிழை போல நுனிவரை பிரிந்து போகும் இரத்தக் குழாய்கள். நான் வரைந்த கஜுக்கொட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் நடுங்கிக்கொண்டிருந்த காலையிலும், என்னிடம் எதுவும் கேட்காமல் அவை தம் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கின்றன.

"பயப்படுற கட்டி இல்ல, வெறும் நீர்க்கட்டி. அப்படியே விட்டுறலாம்," என்றார் டொக்டர்.

வசந்தி அப்போதுதான் அழுதாள். அத்தை திரையைக் கும்பிட்டார். "இம்புட்டையும் உள்ள வச்சிக்கிட்டா மாப்பிள்ள சும்மா நடமாடுறாரு?"

யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் திரையை அணைக்கும்வரை நான் கண்ணை எடுக்கவும் இல்லை.

அதன் பிறகு எந்த டொக்டரிடம் போனாலும், "ஒத்துக்காத மருந்து ஏதும் இருக்கா?" என்ற கேள்விக்கு வசந்திதான் பதில் சொல்வாள். மருந்தின் பெயரோடு நிறுத்தமாட்டாள். போன மாதம் பல் பிடுங்கப் போனோம். நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்க, அவள், நஸீர் சொல்லிவிட்ட அந்தக் காற்சட்டைக் கதையிலிருந்து தொடங்கினாள். பல் டொக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை, வாயை மூடலாமா என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை.