தராசு சார் ஊதிய பலூன்

வாயில் பற்பசை நுரையோடு தராசு சார் ஒரு சபதம் போட்டார்.

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் வீடு வாங்க மாட்டேன்!"

நுரை கண்ணாடியில் தெறித்தது. சமையலறையிலிருந்த அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால்காரர் வருகிற மாதிரி, இந்தச் சபதமும் தவறாமல் வரும்.

கடை கடையாகப் போய் எடைக்கற்களை வைத்துப் பார்த்து, தராசு சரியாக இருந்தால் முத்திரை போடுவது அவருடைய வேலை. பகலெல்லாம் அடுத்தவர் பொய்யைக் கிராம் கிராமாகப் பிடிக்கிற மனிதர், சாயங்காலம் வீடு திரும்பியதும் மட்டும் உலகத்தை நம்பிவிடுவாரா? மகள் பிறந்த அன்று நர்ஸ் சிரித்த முகமாக ஓடிவந்து, "மூணு கிலோ, சார்!" என்றாள். பையனா பெண்ணா என்றுகூடக் கேட்காமல், "உங்க தராசுக்குக் கடைசியா எப்பம்மா முத்திரை போட்டாங்க?" என்று கேட்டவர் அவர். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் தெருவுக்கும் அவர் தராசு சார்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

அவர் நம்பாதவற்றில் மூன்று தலையாயவை: வார்டு கவுன்சிலர், லோக்கல் சேனல், வீட்டுக் கடன். மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது அவர் கட்சி.

"கவுன்சிலர் 'இங்க பெரிய ரோடு வருது'ன்னு சொல்வான். சேனல் அதை நாள் பூரா ஓட்டும். மனைக்கு விலை ஏறும். பேங்க்காரன் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு 'கடன் வேணுமா, கடன் வேணுமா'ன்னு கேப்பான். கடைசில ரோடு வந்துச்சா? ரோட்டுக்குத் தோண்டின குழி மட்டும்தான் வந்துச்சு. வீட்டு விலைங்கிறது என்ன தெரியுமா? பலூனை நல்லா ஊதிட்டு, அதை எடை போட்டு விக்கிறான்! ஒருநாள் டப்புன்னு வெடிக்கும். அதுவரைக்கும் வாங்காதே, பொறு!"

பலூன் உவமை அவருடைய சொந்தச் சரக்கு. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. டீக்கடை, பஸ் நிறுத்தம், மாடிப்படி என்று அதைப் பறக்க விடாத இடமில்லை. சோறு பிசையும்போதும் பேசுவார். அவர் மனைவிக்கு அது முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம்.

ஆனால் அவள் பயம் பலூன் பற்றியதல்ல. பால்கனி பற்றியது.

குடியிருந்தது மூன்றாவது மாடியில், வாடகைக்கு. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி. குழந்தை எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட மறுநிமிடமே அந்த இடைவெளியில் தலையை நுழைத்துத் தெருவை வேடிக்கை பார்க்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. அன்று அவள் போட்ட கூச்சலில் கீழே போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்து மேலே பார்த்தார். வீட்டுக்காரரிடம் வலை அடிக்கச் சொன்னால், "பாப்பாவை உள்ளயே வச்சுக்கோங்களேன்" என்றார், ஏதோ பாப்பாவைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டலாம் என்பதுபோல. அவள் பழைய புடவைகளைக் கிழித்துக் கம்பிக்குக் கம்பி கட்டினாள். கதவுக்கு முன்னால் டிரங்குப் பெட்டியை நகர்த்தினாள். அப்படியும் குளிக்கப் போனால் பாதியில் சோப்போடு ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள்.

பின் தெருவில் டிராயிங் டீச்சர் ஒருவர் தன் வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. தரைத்தள வீடு. மாடியே கிடையாது. பின்னால் சுவர் எழுப்பிய சின்ன முற்றம்.

"ஏங்க, டீச்சர் ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அப்புறம் வேற ஆளுக்குப் பேசிடுவாங்களாம்."

"பேசட்டும். பலூன் வாங்குறவன் வாங்கட்டும்."

"பாப்பா விழுந்தா?"

அவருக்கும் பயம்தான், ராத்திரி கனவில் அந்தக் கம்பிகள் அவருக்கும் வரும். ஆனால் அதைவிடப் பெரிய பயம், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஏமாந்துவிட்டு, 'தராசு சாரையே எடை போட்டுட்டாங்கப்பா' என்று தெரு சிரிப்பது.

"பொறு. விலை இறங்கும்."

"சரி, அந்தத் துணி துவைக்கிற மெஷினாவது வாங்கலாமா? பாப்பா துணிய அலசி அலசிக் கை தேஞ்சு போச்சு."

"மெஷினா? ஏழு கிலோன்னு போட்டிருக்கான். எவன் எடை போட்டுப் பாத்தான்?"

அவள் இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று எதிர் வீட்டுக்குப் போனாள். எதிர் வீட்டில் இருப்பது லோக்கல் சேனலில் செய்தி வாசிக்கும் பெண். தெருவுக்கே செய்தியக்கா. அன்று சர்க்கரை வாங்க ரொம்ப நேரம் ஆயிற்று. தராசு சார் அதைக் கவனிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் கவனிக்காமல் விட்ட முதல் தப்பு எடை அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வழக்கம்போலத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார், திட்டுவதற்காக. 'கவுன்சிலருடன் ஒரு கலந்துரையாடல்' ஓடிக்கொண்டிருந்தது. செய்தியக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்: "இன்றைய நிலவரத்தில் மக்கள் வீடு வாங்கலாமா, ஐயா?"

கவுன்சிலர் தொண்டையைச் செருமினார். பார்வை கேமராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ எழுத்துக் கூட்டிப் படித்தது.

"வாங்காதீங்க! வீட்டு விலை என்பது என்ன? பலூனை நல்லா ஊதிட்டு, அதை எடை போட்டு விற்கிறார்கள்! ஒருநாள் டப்பென்று வெடிக்கும். அதுவரை பொறுங்கள்!"

தராசு சார் நாற்காலியிலிருந்து எகிறினார்.

"என் பலூன்! திருட்டுப் பய! அது என்னோட பலூன்டீ!"

"என்னங்க ஆச்சு?"

"டீக்கடையில நான் பேசினதை எவனோ காதுல வாங்கிட்டுப் போய் ஓதியிருக்கான்!"

"நல்லதுதானே? நீங்க சொன்னதையே பெரிய மனுஷரும் சொல்றார். அப்ப அது உண்மைதான். பேசாம பொறுப்போம்."

'உண்மை' என்ற சொல் அவர் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. கவுன்சிலர் வாயிலிருந்து உண்மையா? லோக்கல் சேனலிலா? அவர் நடக்க ஆரம்பித்தார். கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். திடீரென்று நின்றார். கண் இரண்டும் பளபளத்தன.

"ஏய்! அவன் மச்சான் என்ன தொழில் பண்றான்?"

"வீடு, மனை வாங்கி விக்கிறார்."

"பாத்தியா! நேத்து வரைக்கும் 'வாங்குங்க, வாங்குங்க'ன்னவன் இன்னைக்கு 'வாங்காதீங்க'ங்கிறான். ஏன்? ஜனங்க பயந்துபோய் அடிமாட்டு விலைக்கு வித்துடுவாங்க. மச்சான் கூடை கூடையா அள்ளுவான். அப்புறம் விலை எங்க போகும்? மேல! ராக்கெட்டு!"

"ஐயையோ, நீங்கதானே இறங்கும்னு சொன்னீங்க?"

"நான் சொன்னப்போ அது உண்மை. அவன் சொன்னதும் அது பொய் ஆயிடுச்சு!"

"இல்லைங்க, எனக்குப் பயமா இருக்கு. கடன், வட்டின்னு எதுக்கு நமக்கு? டிவியிலயே சொல்லிட்டாங்க..."

"டிவியில சொன்னாங்களாம்! இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தி நீ கத்துக்கிட்டது இவ்வளவுதானா? சட்டை எங்கடீ?"

சட்டை கைக்கெட்டும் தூரத்தில் தேய்த்து மடித்துத் தயாராக இருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார். வேறு எவனுக்கும் இந்தச் சூது புரிவதற்குள் முந்திவிட வேண்டும்! டீச்சர் கதவைத் திறந்ததும், "வீடு எனக்குத்தான்!" என்றார் மூச்சிரைக்க. டீச்சர் மிரண்டு தண்ணீர் கொடுத்தார். அங்கேயே அட்வான்ஸ் கைமாறியது. திங்கட்கிழமை காலை, பேங்க் ஷட்டர் ஏறும்போதே வாசலில் நின்ற முதல் ஆள் தராசு சார். கடன் அதிகாரியின் மேசைமேல் இருந்த கால்குலேட்டரை மட்டும் வாங்கி, இரண்டும் இரண்டும் நாலு வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கடன் கிடைத்து, பத்திரம் முடிந்து, குடி வந்தாயிற்று.

பின்கட்டு முற்றத்தில் இறக்கிவிட்டதும் குழந்தை தவழ்ந்து போய் மண்ணில் உட்கார்ந்து, ஒரு இலையைப் பிடுங்கி வாயில் வைத்துப் பார்த்தது. விழுவதற்கு இடமே இல்லை. அவர் மனைவி படியில் உட்கார்ந்து, கைக்கு வேறு வேலை இல்லாமல், காபி குடித்தாள். கடைசிச் சொட்டு வரை, சூடு ஆறாமல். அவள் அப்படிக் குடித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று தராசு சாருக்கு அப்போதுதான் தோன்றியது. அந்த ஒரு விஷயத்தை அவர் எடை போடவில்லை. கவுன்சிலரை ஜெயித்த பெருமையோடு மட்டும் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் குரல் கேட்டது. செய்தியக்கா, கையில் ஒரு பூந்தொட்டியோடு.

"வீடு அம்சமா இருக்கும்மா. பாப்பா பயம் விட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். செய்தி வாசிக்கிறவள் குரலைத் தாழ்த்தினாலும் அது கூடம் வரை தெளிவாகக் கேட்கும். "இந்தச் சனிக்கிழமையும் கவுன்சிலருக்குப் பேச ஒண்ணும் இல்லையாம். கேள்வியும் பதிலும் நான்தான் எழுதணும். போன தடவை நீ சொல்லிக் கொடுத்த பலூன் பிரமாதம்! இப்ப சார் எதைத் திட்டிட்டிருக்கார்?"

"துணி துவைக்கிற மெஷினைக்கா. 'அது சுத்த ஏமாத்து, கையால துவைக்கிறதுதான் நல்லது'ன்னு. அப்படியே எழுதிக்கோங்க."

தராசு சாரின் மேல்கால் கீழே இறங்கியது. பிறகு அவர் மொத்தமாக எழுந்து பின்கட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஓஹோ! அப்படியா சங்கதி? கேட்டுக்கோ. இனிமே மெஷின் நல்லதுன்னுதான் பேசுவேன்! எந்நேரமும், எல்லார்கிட்டயும், 'மெஷின் வேணும், மெஷின் வேணும்'னு பேசுவேன்! அப்ப என்னடீ பண்ணுவே?"

அவர் மனைவி காலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்களே இவ்வளவு ஆசைப்படும்போது என்னங்க பண்றது? வாங்கிட வேண்டியதுதான்."