நானூறு வருடப் பதக்கமும் டின் வளையமும்

யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசிப் பொக்கிஷத் தலைவர் பறங்கியரின் கைதியாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டபோது, அரச முத்திரையைக் கொட்டாஞ்சேனை மண்ணில் புதைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்பது வரலாறு. இந்த வரலாறு, சவுந்தரநாயகம் எழுதிய 'எமது வம்சம்' என்ற நூலின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

நூல் வெளியீடு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. 'வம்சச் சான்றுப் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்படும்' என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. பொருட்கள் என்று பன்மையில் போட்டிருந்தாலும் சவுந்தரநாயகத்தின் கையில் இருந்தது ஒன்றுதான்: பொக்கிஷத் தலைவரின் மனைவி அணிந்த பதக்கச் சங்கிலி. அவருடைய அப்பா அதை, எண்பத்தாறாம் ஆண்டு நடந்த மகனின் கலியாணத்தன்று சபை நடுவே எடுத்து, மருமகள் கனகேஸ்வரியின் கழுத்தில் போட்டிருந்தார். இரண்டாவது பொருளுக்கு முத்திரை வேண்டும். முத்திரைக்கு, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் வேண்டும்.

"புதையல் தோண்டினவர் எண்டு பொலிஸ் பிடிச்சால், பேப்பரில படத்தோட வரும்" என்றார் கனகேஸ்வரி.

"நான் தோண்டப் போறதில்லை. சத்தம் கேக்குதோ எண்டு பாக்கத்தான் போறன். மிச்சத்தைத் தொல்பொருள்காரர் வந்து செய்யட்டும்."

வியாழக்கிழமை முதலாவது மெஷின் வந்தது. கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன், பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார். நீண்ட தடி, அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு சின்னத் திரை. நல்ல மெஷினை எப்படித் தெரிவு செய்வது என்பதில் சவுந்தரநாயகத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நானூறு வருடத் தங்கத்தை எது மதிக்கிறதோ அதுதான் நல்ல மெஷின். பதக்கத்தைச் சோபா மெத்தைக்கு அடியில் வைத்து, தட்டை மேலே பிடித்தார். மெஷின் கீச்சிட்டது. திரையில் ஒரு குட்டிப் படம் தோன்றியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். போன் எடுத்தார்.

"ஸஹாப்தீன், இதில ஏதோ வளையம் மாதிரிக் காட்டுது. என்ன அது?"

"அது டின் மூடிய இழுத்துத் திறக்கிற வளையம், ஐயா."

"எந்த டின்?"

"சோடா டின்..." ஸஹாப்தீன் சற்றுத் தயங்கினார். "பியர் டின்னும்தான்."

பரம்பரை பரம்பரையாக மதுவைக் கையால் தொடாத சைவக் குடும்பம் என்று பதினெட்டாம் பக்கத்தில் எழுதியவர் சவுந்தரநாயகம். மெஷின் அன்றைக்கே திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை வந்தது அதைவிடப் பெரியது. காதுக்குப் போடும் கருவியும் கூட வந்தது. பழைய பொருளை மெத்தைக்குக் கீழே வைத்தது தம்முடைய பிழை, மண்ணில் அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று சவுந்தரநாயகம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். நான்காம் மாடி வீட்டில் மண் இருந்தது ஒரே இடத்தில்தான். கனகேஸ்வரி சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது, மூன்று வருடமாகப் பிள்ளைபோல் வளர்த்த கறிவேப்பிலை பல்கனி மூலையில் வேரோடு படுத்திருந்தது. பூச்சாடிக்குள் பதக்கம் இருந்தது. திரையில் டின் வளையம் இருந்தது.

சனிக்கிழமை சவுந்தரநாயகம் நேரே கடைக்கே போனார். மெஷினுக்குக் குலம் கோத்திரம் தெரியாது என்றும், இருக்கிற வளையங்களையெல்லாம் தங்கமாக்குகிறவர்கள் மத்தியில் தங்கத்தை வளையமாக்குகிற மெஷின் எதற்கு என்றும் கால் மணித்தியாலம் கதைத்தார். ஸஹாப்தீன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கடையில் இருந்ததிலேயே பெரிய மெஷினை எடுத்து வைத்தார். இதில் வேண்டாத பொருட்களுக்குச் சத்தம் வராமல் பண்ணலாம் என்றார்.

"அப்ப டின் வளையத்துக்குச் சத்தம் வராமப் பண்ணும்."

"பண்ணலாம் ஐயா. ஆனா ஒரு விசயம்..."

"ஆனாவும் வேண்டாம் ஆவன்னாவும் வேண்டாம். பண்ணும்."

ஸஹாப்தீன் பண்ணினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மனைவி குளிக்கும் நேரம் பார்த்து, சவுந்தரநாயகம் பதக்கத்தையும் மெஷினையும் ஒரு தோட்டக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கினார். பல்கனியைப்போல் அடியில் கொங்கிறீற் கம்பி இல்லாத நல்ல மண். பதக்கத்தைச் சாண் ஆழத்தில் புதைத்து, இடம் தெரிய மேலே தம் செருப்பு ஒன்றை வைத்தார். பத்தடி பின்னுக்குப் போய், அறியாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு மெஷினை ஆட்டியபடி வந்தார். பரீட்சை நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு அலை வந்தது. செருப்பைக் கொண்டு போனது.

முதலில் அவர் செருப்பைத் துரத்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போனார். செருப்பு பிடிபட்டது. திரும்பிப் பார்த்தபோதுதான், செருப்புத் தேவைப்பட்டது காலுக்கு அல்ல என்பது நினைவுக்கு வந்தது. மணல் முழுவதும் ஒரே மணலாக இருந்தது.

மெஷினை ஆட்டினார். ஆணி வந்தது. கரண்டிக் காம்பு வந்தது. ரயிலில் இருந்து யாரோ எறிந்த பூட்டு ஒன்று வந்தது. பதக்கம் வரவில்லை. உடற்பயிற்சிக்கு ஓடி வந்த ஒரு பெண் நின்று, "மொக்கத அங்கிள் ஹொயன்னே?" என்று கேட்டாள். என்ன தேடுகிறீர்கள் என்ற கேள்விக்கு, உண்மையைச் சொன்னால் கூட்டம் சேரும் என்று எண்ணி, ஆராய்ச்சி என்று சிங்களத்தில் சொன்னார். ஆராய்ச்சி என்றதும் கூட்டம் சேர்ந்தது.

ஏழரை மணிக்கு, பல்கனியிலிருந்து கூட்டத்தைக் கண்டு, ஈரத் தலையில் துவாயைச் சுற்றியபடி கனகேஸ்வரி வந்து நின்றார்.

"என்னப்பா, அலுமாரி திறந்து கிடக்குது. பதக்கம் எங்க?"

சவுந்தரநாயகம் கடற்கரையைப் பொதுவாகக் கைகாட்டினார்.

கனகேஸ்வரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இண்டைக்குப் பின்னேரம் இருநூறு பேருக்கு முன்னால நான் வெறுங்கழுத்தோட நிக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்து ஸஹாப்தீனை அழைத்தார்.

ஸஹாப்தீன் ஓட்டோவில் வந்து சேர்ந்தார். விசயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்.

"அதத்தான் நேத்து சொல்ல வந்தன் ஐயா. மெஷினுக்குச் சின்னத் தங்கமும் டின் வளையமும் ஒண்டுதான். நீங்க அதுட வாய அடைச்சிட்டீங்க. இப்ப பதக்கத்துக்கு மேலயே நிண்டாலும் இது பேசாது."

பட்டன் ஒன்றை அழுத்தினார். மெஷின் கடற்கரை முழுவதற்கும் கீச்சிடத் தொடங்கியது. கூட்டம் கை கொடுத்தது. ஒவ்வொரு கீச்சுக்கும் ஒரு குழி. நாற்பத்திரண்டு டின் வளையங்கள் வந்தன. அவற்றைச் சவுந்தரநாயகம் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, கழுவி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்றாவது குழியில் அவருடைய தோட்டக் கரண்டி 'ணங்' என்று எதிலோ பட்டது. பதக்கம். கூட்டம் கைதட்டியது. கரண்டி பட்டதில் கொளுக்கி மட்டும் நசிந்திருந்தது.

வெளியீட்டுக்கு ஆறு மணித்தியாலம் இருக்கையில், கணவனும் மனைவியும் செட்டியார் தெருவில் பாதிக் கதவு திறந்திருந்த ஒரு நகைக்கடையில் இருந்தார்கள். பரம்பரைப் பொற்கொல்லர் சுகிர்தனுக்கு ஐம்பது வயதிருக்கும். சவுந்தரநாயகத்துக்குப் பழைய கம்பீரம் திரும்பியிருந்தது. கவனமாகப் பிடிக்கும்படியும், அது பறங்கியரின் பீரங்கிக்குத் தப்பிய பதக்கம் என்றும், இந்த வேலைப்பாட்டின் இரகசியம் அரண்மனைக் கொல்லரோடு அழிந்துபோய்விட்டது என்றும் சொன்னார். நாற்பத்தோராம் பக்கத்தையும் வாசித்துக் காட்டினார்.

சுகிர்தன் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொளுக்கியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பதக்கத்தைத் திருப்பினார். மறுபடி கொளுக்கியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார்.

"தங்கம்தானே?" என்றார் கனகேஸ்வரி.

"சுத்தமான தங்கம், அன்ரி. அதில பிழையில்லை."

சவுந்தரநாயகம் மனைவியைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினார். "வயசையும் சொல்லுங்கோ தம்பி. இவவும் கேக்கட்டும்."

கனகேஸ்வரி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எண்பத்தாறாம் ஆண்டு, அங்கிள். இந்தப் புள்ளிக் குறி எங்கட அப்பாவின்ர. மாப்பிள்ளையின்ர தகப்பன் வந்து பழசு மாதிரி இருக்கோணும் எண்டு கேட்டவராம். அதால இடுக்கில அழுக்கு ஏறட்டும் எண்டு, கடைப் பின்வளவில ஒரு மாசம் புதைச்சு வைச்சிருந்தவர்."