பீரோ, கட்டில், தலைக்கனம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தன்னைத் தலைக்கனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான். அவருக்கு வேறு பெயர் இருந்ததா என்று தாம்பரம் மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசி. அவர் சுமை தூக்கினார். நான் வெங்காய மண்டியில் சாக்கு தைத்தேன். இரும்பு பீரோவை நாலு பேர் சேர்ந்து அவர் தலையில் ஏற்றிவிடுவோம். அப்புறம் பீரோவை ஒரு கையால்கூடப் பிடிக்கமாட்டார். ரயில்வே மேம்பாலத்தில் ஏறிக் கிழக்கே இறங்குவார். நடுவில் நின்று டீ குடிப்பார், பீரோவோடு. பாதி வழியில் சுமையை இறக்கி வைத்ததே கிடையாது. சும்மாட்டுத் துணி உரசி உரசி உச்சந்தலையில் எட்டணா அகலத்துக்கு முடி போய், அந்த வட்டம் வெயிலில் மின்னும்.

ஒருநாள் சேலையூரில் ஒரு தமிழ் வாத்தியார் வீட்டுக்குச் சுமை. வாசல் நிலை இடிக்கும், கொஞ்சம் குனி என்றாராம் வாத்தியார். நான் குனியமாட்டேன், நிலையை வேண்டுமானால் உயர்த்துங்கள் என்றாராம் இவர்.

"உனக்குத் தலைக்கனம் ஜாஸ்திப்பா" என்று வாத்தியார் பல்லைக் கடித்திருக்கிறார்.

இவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். படித்த ஒருவர் கடைசியில் தன் சுமையைச் சரியாக எடை போட்டுவிட்டாராம். ஒரு தகரப் பலகையை என் முன்னால் வைத்தார். அஞ்சாவது வரை படித்த நான்தான் அங்கே பண்டிதன். அர்த்தம் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. 'தலைக்கனம் – பீரோ, கட்டில் தூக்கப்படும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

சில வருஷம் கழித்து அவர் மகளுக்கு வரன் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அப்பா சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து விசாரிக்க வந்தார். டீக்கடையில் கேட்டிருக்கிறார். அவரை மாதிரி தலைக்கனம் இந்த ஊரிலேயே இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் புகழ்ந்திருக்கிறார்கள். பலகையையும் பார்த்துவிட்டார்.

"போர்டே வெச்சிருக்காரே. நமக்கு ஒத்து வராதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பினார்.

நான் எழுதிய எழுத்தால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறது. ஓடிப்போய் வழிமறித்தேன்.

"அய்யா, அது திமிரு இல்லீங்க. மூட்டைங்க."

"இன்னாது, தலைக்கனம்னா திமிரா?"

பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார், தலையில் பீரோ. வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்தபடி அர்த்தத்தைச் சொன்னேன். அவர் பீரோவோடு என் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

"வாத்தியார் தப்பா சொல்லிகிறாரு. பாவம், தலைல எதுனா தூக்கியிருந்தா அர்த்தம் புரிஞ்சிருக்கும்."

வந்தவர் பீரோவைப் பார்த்தார். அதன் அடியில் ஆடாமல் நின்ற கழுத்தைப் பார்த்தார்.

"மொதல்ல அத எறக்கி வைங்க, சம்பந்தி."

"இன்னும் ரெண்டு தெரு கீது. நடந்துகினே பேசலாம், வா சம்பந்தி."

இன்றைக்கும் யாரையாவது தலைக்கனம் பிடித்தவர் என்று சொன்னால், என் கண் அவருடைய உச்சந்தலைக்குத்தான் போகிறது. அந்த வட்டத்தை இன்னும் யாரிடமும் பார்க்கவில்லை.