பெண் பார்க்க வந்த நாளில் கடல்பாசி

கடல்பாசி சைவமா, அசைவமா? உங்களுக்குத் தெரியும் என்றால், அன்றைக்கு ஸ்ரீரங்கத்துத் தாயுமானவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

மகள் சௌமியாவைப் பெண் பார்க்க வந்த துவாக்குடிக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. அடுக்களையில் மனைவி ரெங்கநாயகி, வெள்ளை வெளேரென்று குலுங்கும் இனிப்பைக் கிண்ணம் கிண்ணமாகத் தட்டில் அடுக்கினாள். காலிப் பாக்கெட்டைப் படித்த தாயுமானவனுக்கு வியர்த்துவிட்டது.

"அடியே, இது கடல்பாசியா?"

"நோன்புக்குப் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா குடுத்தப்ப ரெண்டு கிண்ணம் முழுங்கினீங்களே!"

"அப்ப சைனா கிராஸ்னு சொன்னே. கிராஸ்னா புல்லு. புல்லு சைவம். இது கடல்ல மீனோட மீனா கெடந்ததுடி!"

"மீன் தண்ணியிலயும்தான் கெடக்கு. தண்ணி குடிக்காமயா இருக்கீங்க?"

"அவங்க பூண்டுகூடத் தொடாதவங்க. ஜாதகம் பொருந்தின ஒரே எடம், கெடுத்துடாதே!"

அதற்குள் சௌமியா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஆனந்தவள்ளி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். "என்னங்க இது?"

"இளநீர் வழுக்கைங்க," என்று முந்திக்கொண்டார் தாயுமானவன்.

"வழுக்கை எப்படி இவ்வளவு கெட்டியா நிக்குது?"

"எங்க ஃப்ரிட்ஜ் அப்படிங்க. எதை வச்சாலும் நின்னுடும்."

"எந்தக் கம்பெனி? நாங்களும் அதையே வாங்கிடறோம்."

மாப்பிள்ளை பாலமுரளிக்குப் புரையேறியது.

"இப்பக் கிடைக்காதுங்க. பழைய மாடல்."

ஆனந்தவள்ளி விடவில்லை. "அப்ப ரெண்டு கிண்ணம் கட்டிக் குடுங்க. நாளைக்கு எங்க பூஜையில சாமிக்கு வைக்கறேன்."

தாயுமானவன் திண்டாடிப் போனார். சம்பந்தியைக்கூட ஏமாற்றிவிடலாம், அடுத்த வீட்டுச் சாமியை எப்படி ஏமாற்றுவது? எழுந்து கைகூப்பினார்.

"வேண்டாங்க! மன்னிச்சிடுங்க. அது கடல்பாசி. பொண்ணு மேல தப்பில்லைங்க."

கதவோரம் நின்ற ரெங்கநாயகி புருஷனை முறைத்தாள். மூலையில் இரண்டாவது கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னையன், ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"போதும்க்கா, நீ தெரிஞ்சுக்கிட்டே கிண்டிக் கிண்டிக் கேட்டது. நாமளும் சொல்லிடுவோம். நம்ம முரளி எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்கான்னு சொன்னோம்ல, அது மண்டபம்ங்கிற கடலோர ஊர்ல, கடல்ல இறங்கிப் பாசி வளர்க்கிற வேலைங்க. அதைக் கேட்டுட்டு நாலு பொண்ணு வீட்ல காபிகூடக் குடுக்கல!"

தாயுமானவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு மூச்சு வந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை சௌமியா சரி என்றாள். தேதி குறித்தார்கள்.