முழுத் தொடையும் மூடாத டிரம்மும்

எனக்கு எதையும் மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரியாது. இட்லிப் பானையை மூன்று முறை திறந்து பார்த்து, இட்லியைக் களியாக்கிய ஆள் நான். அப்படிப்பட்டவன் புகையில் கறி வேக வைக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? (ஆனதைத்தான் சொல்கிறேன்.)

மகளுக்குக் காதுகுத்து. என் மனைவி மல்லிகாவின் அண்ணன், செட்டிகுளத்துத் தங்கராசு மச்சான், இரண்டு வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. காரணம் கறி. புதுமனை விருந்தில் தாய்மாமனுக்குப் போக வேண்டிய தொடையை யார் இலையிலோ தள்ளிவிட்டு, அவர் இலையில் கழுத்தெலும்பை வைத்துவிட்டேன். ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? மல்லிகா நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

“இந்தத் தடவ எங்கண்ணன் எலையில முழுத் தொட விழுவணும். இல்லாட்டி அது ஏறுற பஸ்ஸுல நானும் ஏறிடுவேன், பாத்துக்கங்க.”

பேசாமல் குழம்பு வைத்திருக்கலாம். போனில் எவரோ இரும்பு டிரம்முக்குள் கறியை வைத்துப் புகையிலேயே வேக வைப்பதைப் பார்த்துத் தொலைத்திருந்தேன். கீழப்பழுவூரில் பழைய டிரம் கிடைத்தது, கருவேலங்கட்டை கிடைத்தது, புத்தி மட்டும் கிடைக்கவில்லை.

காதுகுத்தன்று விடிந்ததும் பற்ற வைத்தேன். தொடை, நெஞ்செலும்பு, ஈரல், தலை, எல்லாம் ஒரே டிரம்மில். (ஒரே ஆட்டில் ஒன்றாகத்தானே இருந்தன, ஒன்றாக வேகாதா என்பது என் கணக்கு.) மதியம்வரை மூடியைத் தொடக்கூடாது என்று போன்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டேன். திறக்கும்போதெல்லாம் சூடு வெளியே, புகை என் மூக்குக்குள்ளே.

“என்ன தம்பி, ஊர்ல இருக்குற சிமெண்ட் ஆலை பத்தாதுன்னு வூட்டுலயும் ஒண்ணு வச்சுட்டியா?” என்றார் பக்கத்து வீட்டு அமுதா அக்கா.

கோயிலில் மச்சான் மடியில் மகள் வீறிட்டு அழுதாள். நான் டிரம்மை நினைத்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை அமுதா அக்காவுக்குப் போன் போட்டு, “கொஞ்சம் தொறந்து பாருங்கக்கா” என்றேன். அவரும் பார்த்தார், நல்ல மனுஷி.

பந்தி. ஈரல் செருப்புத் தோலாகியிருந்தது. நெஞ்செலும்பில் எது கறி, எது கரி என்று கடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தலை முறைத்துக்கொண்டிருந்தது. தொடை மட்டும் பொன் நிறத்தில் மின்னியது! இரண்டு கையாலும் ஏந்திப்போய் மச்சான் இலையில் வைத்தேன்.

அவர் ஒரு துண்டைப் பிய்த்தார். உள்ளேயிருந்து சிவப்பாக வடிந்தது.

“மாப்ள.”

“சொல்லுங்க மச்சான்.”

“இந்த ஆட்டுக்கு இன்னும் உசுரு இருக்குது.”

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. மல்லிகாவின் கண் சுவரில் தொங்கிய, ஊருக்குப் போகும் பைக்குப் போனது. “வெட்டிப் போட்டிருந்தா வெந்திருக்கும் மச்சான். ஒங்களுக்கு முழுசா வைக்கணும்னுதான்...”

என்னையே பார்த்தார். புகையில் வெந்திருந்தது என் கண்கள்தான்.

“எனக்காவவா முழுசா வச்ச?” என்றபடி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “போ, அருவாமனைய எடுத்துட்டு வா.”

தனக்கு வைத்த மரியாதையைத் தானே துண்டு போட்டார். சீர்வரிசையாக அவர் கொண்டுவந்திருந்த சின்ன வெங்காய மூட்டையை அவிழ்த்து, குண்டானில் வதக்கி, கறியைப் போட்டு மூடினார். நான் மூடியைத் தொட்டேன். கரண்டியால் முட்டியில் ஒன்று விழுந்தது.

“மூட்றா! கைய ஒடிச்சிருவேன்.”

இரண்டு வருடம் கழித்து அவர் என்னை ‘டா’ போட்டது அன்றைக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்குச் சாப்பிட்டோம். புகை வாசத்தோடு குழம்பு அப்படி ஒரு ருசி. (புகை என்னுடையது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.)

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மச்சான்தான் முதல் ஆள். அடுப்புப் பற்ற வைக்குமுன் வந்து கை நீட்டுவார்: “என் தொடையப் பச்சையாவே குடுத்துரு மாப்ள, வேக வைக்கிறத நான் பாத்துக்கறேன்.”

நான் அடுப்படிப் பக்கம் தலை காட்டினால் போதும், தோடு குலுங்க என் மகள் கத்துவாள்: “அம்மா, அப்பா வர்றாரு, மூடியப் புடிச்சுக்க!”